மைத்தானியின் சின்னக் கண்ணாடி

ஒலிம்பஸ் பென் எஃப் கேமராவுக்கென்று செய்த 38 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே தெரியும் ஒளிவட்டத்தின் அகலம் சுமார் 21 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் மறைந்துவிடும். கேமராக்காரர்கள் கூடுமிடமெல்லாம் ஓயாமல் நடக்கும் பெரிய சென்சார், சின்ன சென்சார் சண்டைக்கு விடை அந்த வட்டத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. சண்டை போடுகிறவர்கள் சென்சாரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிச்சம் உள்ளே வரும் வழியை அளந்து பார்க்க ஆளில்லை.

ஒரே காட்சியை ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், ஒரே ஷட்டர் வேகத்தில் ஃபுல் ஃபிரேமிலும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸிலும் எடுங்கள். இரண்டு லென்ஸிலும் அந்த வட்டம் ஒரே அகலம் என்றால் இரண்டு சென்சாருக்கும் வந்து சேரும் மொத்த ஒளி ஏறக்குறைய ஒன்றுதான்; பின்னணி மங்குவதும் ஒரே அளவுதான். 36×24 அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கு உள்ள பெருமை, இன்னும் அகலமான வட்டத்தைப் போட அதில் இடம் இருக்கிறது என்பதே. போட்டால் லென்ஸ் பருக்கும். போடாவிட்டால் அந்தப் பெருமை பெட்டிமேல் அச்சிட்டிருப்பதோடு சரி.

இந்தக் கணக்கைக் கையில் பிடிக்கும்படி செய்து காட்டியவர் யோஷிஹிசா மைத்தானி. 1956-இல் ஒலிம்பஸில் சேர்ந்தார். அவர் சொந்தமாக வைத்திருந்தது லைகா. செய்ய ஆசைப்பட்டதோ 6,000 யென்னுக்கு விற்கக்கூடிய கேமரா. 35 மி.மீ. ஃபிலிமின் சட்டத்தைப் பாதியாக்கி 18×24 ஆக எடுத்துக்கொண்டார். 36 படம் எடுக்கும் ரோலில் 72 படம். 1959-இல் அது பென் என்ற பெயரில் கடைக்கு வந்தது. விலையைக் குறைக்க வேண்டிய இடத்தில் எல்லாரும் முதலில் கைவைப்பது லென்ஸில்தான். மைத்தானி அங்கே கைவைக்கவில்லை. நான்கு கண்ணாடி கொண்ட டெஸார் வகை 28 மி.மீ. எஃப்/3.5 லென்ஸுக்குச் செலவின் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சக் காசுக்குள் மற்ற பாகங்களை அடக்கினார். ஃபிலிமை நகர்த்த நெம்புகோல் வைக்காமல் பின்பக்கத்தில் கட்டைவிரலால் உருட்டும் பற்சக்கரத்தை வைத்தது அப்படி வந்ததுதான். பழகிவிட்டால் நெம்புகோலைவிட அதுவே கைக்கு இதம்.

லென்ஸில் ஏன் கைவைக்கக் கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரை ஃபிரேம் நெகட்டிவை முழு ஃபிரேமுக்குச் சமமான பிரிண்டாக்க ஏறக்குறைய 1.4 மடங்கு கூடுதலாகப் பெரிதாக்க வேண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் இரண்டு மடங்கு. படத்தோடு சேர்ந்து லென்ஸின் குறையும் பெரிதாகும். ஆகவே சின்ன சென்சாருக்குச் செய்கிற லென்ஸ், ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மடங்கு கோடுகளைப் பிரித்துக் காட்டினால்தான் சமமாக நிற்க முடியும். கண்ணாடியைத் தேய்ப்பதிலும் மையம் பிசகாமல் பொருத்துவதிலும் அந்த அளவுக்குக் கறார் வேண்டும். சின்ன லென்ஸ் என்றால் மட்டமான லென்ஸ் என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். பொடி வேலைதான் கஷ்டமான வேலை.

பெரிய ஃபிலிம் இதற்கு நேர்மாறு. எவ்வளவு சுமாரான லென்ஸையும் அது மன்னித்துவிடும். நம்மூரில் ஒரு தலைமுறையே அக்ஃபா கிளிக் த்ரீயில் படம் எடுத்தது. 120 ஃபிலிமில் 6×6 செ.மீ. நெகட்டிவ், பன்னிரண்டு படம், சாதாரணத்திலும் சாதாரணமான லென்ஸ். எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் அத்தை திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது. நெகட்டிவ் அளவிலேயே போட்ட பிரிண்ட், மூன்று விரல் அகலம்தான். ஓரமெல்லாம் குழைந்து கிடக்கிறது. ஆனால் நடுவில் அத்தையின் மூக்குத்தியும் புடவைக் கரையின் நெளிவும் இன்றைக்கும் அப்படியே தெரிகின்றன. ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருந்த யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்களின் அழகிலும் பாதி அந்த ஆறு சென்டிமீட்டருக்குச் சேரும். பெரிதாக்கத் தேவையே வராதபோது லென்ஸின் யோக்கியதை வெளியே வராது. கிளிக் த்ரீயின் லென்ஸை எடுத்து அரை ஃபிரேமுக்கு முன்னால் வைத்திருந்தால் அத்தையின் மூக்கைக்கூடப் பார்த்திருக்க முடியாது.

திரும்ப பென்னுக்கே வருகிறேன், ஏனென்றால் 1963-இல் வந்த பென் எஃப்-ஐப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. லென்ஸ் மாற்றக்கூடிய அரை ஃபிரேம் எஸ்எல்ஆர். வேறு யாராக இருந்தாலும் இருக்கிற எஸ்எல்ஆரைச் சுருக்கியிருப்பார்கள். மைத்தானி முதலிலிருந்து யோசித்தார். சட்டம் நெட்டுக்குத்தாக இருப்பதால் பிரதிபலிக்கும் கண்ணாடி மேல்நோக்கி எழும்ப வேண்டியதில்லை, பக்கவாட்டில் கதவு போலத் திறக்கட்டும் என்றார். ஒளியும் பக்கவாட்டிலேயே போய், போரோ அமைப்பில் திரும்பி, இடது மூலையில் உள்ள கண்துளைக்கு வருகிறது. தலையில் முக்கோணக் கூம்பு கிடையாது. மேல்தட்டு வழவழவென்று தட்டையாக இருக்கும். ஷட்டருக்குத் துணித்திரை வைக்கவில்லை. டைட்டானியத்தில் மெல்லிய தகடு ஒன்று சுழல்கிறது. 1/500 நொடியிலும் ஃபிளாஷ் முழுச் சட்டத்துக்கும் விழும். துணித்திரை கேமராக்கள் 1/60-ஐத் தாண்டத் தடுமாறிய காலம் அது. சட்டம் சிறிதாக இருந்ததால்தான் இவையெல்லாம் சாத்தியமாயின. 36 மி.மீ. அகலத்துக்கு அந்தத் தகட்டைச் செய்யப் போனால் பாடி தட்டு மாதிரி அகன்றுவிடும்.

அந்தக் கால ஒலிம்பஸ் லென்ஸ்களின் முகப்பில் ஸூய்கோ என்ற பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். உள்ளே எத்தனை கண்ணாடி என்பதற்கான அடையாளம். டி என்றால் நான்கு, எஃப் என்றால் ஆறு, ஜி என்றால் ஏழு. என்ன கொடுத்திருக்கிறோம் என்பதை முகத்திலேயே எழுதிவிட்டார்கள். என்னிடம் இருப்பது எஃப் ஸூய்கோ 38. ஃபில்டர் அளவு 43 மி.மீ. பென் எஃப் பாடி இப்போது அதிகம் ஓடுவதில்லை. லென்ஸை ஃபியூஜி பாடியில் அடாப்டர் போட்டு மாட்டியிருக்கிறேன். ஏபிஎஸ்-சி சென்சார் 23.5×15.6, பென் எஃப் சட்டம் 24×18. மைத்தானி எந்தப் பிம்ப வட்டத்துக்காக லென்ஸைத் தேய்க்கச் சொன்னாரோ கிட்டத்தட்ட அதே வட்டத்தை இன்றைய சென்சார் பயன்படுத்திக்கொள்கிறது, வெட்டும் இல்லை விரயமும் இல்லை. கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் காலத்தில் இதைச் செய்ய வழியில்லை. பென் எஃப் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 29 மி.மீ. தூரத்தில் உட்காரக்கூடியது; நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. தூரம். மிர்ரர்லெஸ் வந்த பிறகுதான் இந்த லென்ஸுக்கு மறுபடி வீடு கிடைத்தது.

மயிலாப்பூர் மாடவீதியில் பூக்கட்டும் ஒரு பாட்டியை இதில் எடுத்தேன். சாயங்காலம், தலைக்குமேல் தொங்கும் ஒரே பல்பு. எஃப்/1.8-இல் பல்பைச் சுற்றி மெல்லிய புகைபோல ஒளி கசிகிறது, இமைமுடி மட்டும் கூர்மை. எஃப்/4-க்கு வந்ததும் பாட்டியின் விரல், நார், அதில் ஏறிக்கொண்டிருக்கும் மல்லிகை மொட்டு, குனிந்த முகம் எல்லாம் ஒரே கூர்மைக்குள் வந்துவிட்டன. நகத்தில் ஒட்டியிருந்த பச்சைக் கறையைக்கூடப் பார்க்கலாம். பின்னால் இருந்த கடைகள் மங்கின, ஆனால் கடைகள் என்று தெரியும் அளவுக்கே மங்கின. எனக்கு வேண்டியது இந்த அளவுதான்.

சின்ன சென்சார்க்காரர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஃபோகல் லெங்தை இரண்டால் பெருக்குகிறார்கள், அபெர்ச்சரைப் பெருக்க மறுக்கிறார்கள். 2016-இல் வந்த ஒலிம்பஸ் 300 மி.மீ. எஃப்/4 அருமையான லென்ஸ். முக்காலிக் காலரைக் கழற்றினால் 1,270 கிராம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் 600 எஃப்/4 வைத்திருக்கிறேன்” என்பார்கள். கேனனின் மூன்றாம் தலைமுறை 600 எஃப்/4 லென்ஸ் 3,050 கிராம். எங்கே போயிற்று அந்த 1,780 கிராம்? 600-ஐ நான்கால் வகுத்தால் 150 மி.மீ. வட்டம். 300-ஐ வகுத்தால் 75. எக்ஸ்போஷர் மீட்டருக்கு இரண்டும் எஃப்/4-தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஷட்டர் வேகத்தில் அந்தப் பறவையிடமிருந்து படத்துக்கு வந்து சேரும் ஒளி நான்கில் ஒரு பங்குதான். ஃபுல் ஃபிரேம் கணக்கில் அது 600 எஃப்/8. அப்படிச் சொல்வதில் எந்த இழிவும் இல்லை. ஒரு நாள் முழுக்கத் தோளில் தொங்கவிட்டு நடக்கக்கூடிய, கையிலேயே பிடித்து எடுக்கக்கூடிய 600 எஃப்/8 என்பது எவ்வளவு பெரிய வரம்!

வேடந்தாங்கலில் ஒரு நண்பரோடு இதே பேச்சு. அவர் பெரிய 600-காரர், முக்காலி இல்லாமல் அசைய மாட்டார். பொழுது சாயும்போது சங்குவளை நாரைகள் திரும்பி வரத் தொடங்கின.

“இப்ப சொல்லுங்க சார், உங்க 300 இந்த இருட்டுல என்ன பண்ணும்?” என்றார்.

“ஒண்ணும் பண்ணாது. நீங்க எடுங்க,” என்றேன்.

கடைசி இருபது நிமிஷம் அவருடையது, சந்தேகமேயில்லை. ஆனால் காலையில் கரைமேல் நடக்கும்போது மரத்துக்கு மரம் நின்று, நத்தைகுத்தி நாரை கூட்டில் குச்சி செருகுவதைக் குனிந்தும் எட்டிப் பார்த்தும் எடுத்தது நான். அவர் அப்போது முக்காலியை விரித்துக்கொண்டிருந்தார்.

விலங்குக்கும் பறவைக்கும் பெரிய கண்ணாடி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வேறொரு காரணமும் உண்டு: மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் மாதவையாவின் மகன், காட்டுயிர் எழுத்தில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து நமக்குக் கிடைத்த பெரிய மனிதர். ஒரு கம்பெனியின் பாடி, வேறொன்றின் டெலி லென்ஸ், அங்கங்கே பொறுக்கிய உதிரிகள் எல்லாவற்றையும் தாமே ஒன்றாகப் பூட்டி, அந்தப் பூதத்துக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று பேர் வைத்திருந்தார். காட்டுயிர் ஆர்வலர் இ. பி. ஜீ அதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். ஜீ பார்த்தது 1959-இல். மைத்தானியின் பென் கடைக்கு வந்ததும் அதே ஆண்டு. யானைக் கூட்டத்தின் முன் நின்றவர் தமக்கு வேண்டிய கருவியைச் செய்துகொண்டார், தெருவில் நடப்பவர்களுக்கு வேண்டியதை இன்னொருவர் செய்தார். இருவரும் தேவையிலிருந்து தொடங்கினார்கள். கடைக்காரர் சொன்ன சென்சார் அளவிலிருந்து அல்ல.

நாய்ஸ் பற்றிய புலம்பலும் இதே கணக்குதான். ஒளி துளித்துளியாக வருகிறது; துளி குறைந்தால் ஏற்ற இறக்கம் தெரியும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் 17.3×13 சென்சாரின் பரப்பு ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய கால்வாசி, ஆக அதே எஃப் எண்ணில் இரண்டு ஸ்டாப் பின்தங்கும். மார்கழிக் கச்சேரியில் ஃபிளாஷ் போட முடியாது, போடவும் கூடாது. ஐஎஸ்ஓ 3200-இல் மேடையின் பின்திரை சின்ன சென்சாரில் மணல் தூவினாற்போல் இருக்கும். மிருதங்கக்காரரின் வலக்கை விரல்களைப் பார்ப்பீர்களா, திரையில் உள்ள மணலை எண்ணுவீர்களா? 2012-இல் ஒலிம்பஸ் செய்த 75 மி.மீ. எஃப்/1.8 அங்கே என் லென்ஸ். 305 கிராம். வட்டம் ஏறக்குறைய 42 மி.மீ. ஃபுல் ஃபிரேமில் 150 மி.மீ. லென்ஸை எஃப்/3.6-இல் வைத்தால் அதே வட்டம்தான் வரும். அதாவது எஃப்/4 டெலி ஜூம் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஃபுல் ஃபிரேம்காரரைவிட நான் ஒரு துளி முன்னால். அவரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார். பிரிண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நம்புவார்.

இன்றைய லென்ஸ்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமை வருகிறது. 2013-இல் சோனி ஏ7 வந்தபோது பாட்டரி, கார்டு சேர்த்து 474 கிராம். ஃபுல் ஃபிரேம் கைக்குள் வந்துவிட்டது என்று கொண்டாடினோம். பின்னால் அதே குடும்பத்துக்கு வந்த 24-70 எஃப்/2.8 ஜிஎம் லென்ஸ் மட்டும் 886 கிராம். பாடி இளைத்ததும் லென்ஸ் அந்தச் சதையைத் தான் வாங்கிக்கொண்டது. இதற்குச் சென்சாரைக் குற்றம் சொல்ல முடியாது என்பதற்கு மறுபடியும் மைத்தானியே சாட்சி. 1972-இல் எம்-1 என்று வந்து, லைகாக்காரர்கள் ஆட்சேபித்ததும் ஓஎம்-1 ஆன கேமராவும் அதே 36×24-தான். பாடி 510 கிராம். அதன் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு 49 மி.மீ. ஃபில்டர் ஒன்றே போதும். 24 எஃப்/2.8-க்கும் அதே, 50 எஃப்/1.4-க்கும் அதே, 85 எஃப்/2-க்கும் அதே. 85-ஐ இரண்டால் வகுத்தால் 42.5 மி.மீ. வட்டம், அதை 49-க்குள் அடக்கிவிட்டார்கள். துளிகூட உபரி இல்லாத வேலை.

அதன் பக்கத்தில் ஸைஸ் ஓட்டஸ் 55 மி.மீ. எஃப்/1.4-ஐ வையுங்கள். வட்டம் 39 மி.மீ. ஃபில்டரோ 77! எடை சுமார் ஒரு கிலோ. ஸூய்கோ 50 எஃப்/1.4-இன் வட்டம் 36 மி.மீ., எடை அதில் கால்வாசி. மூன்று மில்லிமீட்டர் கூடுதல் வட்டத்துக்கு முக்கால் கிலோ ஏன்? முழுக்கத் திறந்த நிலையிலேயே சட்டத்தின் நான்கு மூலையும் ஊசிமுனையாக இருக்க வேண்டும், மூலையில் இருட்டு தட்டக் கூடாது என்பதற்காக. பன்னிரண்டு கண்ணாடிகளை நிறுத்திச் சாதித்திருக்கிறார்கள். கைத்திறன் என்ற அளவில் ஓட்டஸுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் எஃப்/1.4-இல் எடுக்கும் படத்தில் மூலையில் என்ன இருக்கப் போகிறது? மங்கிய சுவர். அதன் கூர்மைக்காகத் தோள்பட்டை வலிக்க நடப்பது சோதனைத் தாளைப் படம் பிடிக்கிறவர்களின் ரசனை. அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டே கம்பெனிகள் எல்லா லென்ஸையும் இப்படி ஊதிவிட்டன.

கல்யாண ஆல்பங்களைப் பார்த்தால் இது எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று புரியும். 85 எஃப்/1.4-ஐ முழுக்கத் திறந்து எடுக்கிறார்கள். பெண்ணின் ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல். பின்னால் நின்ற சித்தப்பா ஒரு நிறத்திட்டு. தாலி கட்டும்போது அட்சதையை ஓங்கிய கைகள் யாருடையவை என்று பத்து வருஷம் கழித்து எவராலும் சொல்ல முடியாது. அதே முகூர்த்தத்தை அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் எஃப்/8-இல் ஃபிளாஷோடு எடுத்த படத்தில் நாதஸ்வரக்காரர் மூச்சை இழுக்கும் கன்னம்வரை இருக்கும். அழகுக்கு இப்போது இருக்கும் ஒரே இலக்கணம் மங்கல் என்றாகிவிட்டது. ஃபோன் அந்த மங்கலையும் கணக்குப் போட்டு வரைந்து தருகிறது. காதோரத்து முடியில் வந்து திணறுகிறது. ஃபோனைப் பற்றி அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒலிம்பஸ் கேமரா தொழில் கைமாறி, 2021 முதல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. 45 மி.மீ. எஃப்/1.8-ஐ 116 கிராமில் செய்த கைகள் அங்கே இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். ஃபுல் ஃபிரேம் பக்கத்திலும் கொஞ்சம் நல்ல காற்று வீசுகிறது. சோனி 40 எஃப்/2.5 வெறும் 173 கிராம். நிக்கானின் 26 எஃப்/2.8 பேன்கேக் 125 கிராம். சிக்மா 2021-இல் கொண்டுவந்த 90 மி.மீ. எஃப்/2.8 எனக்கு ரொம்பப் பிடித்தது: உலோக உடல், சொடுக்குச் சத்தத்தோடு திரும்பும் அபெர்ச்சர் வளையம், 55 மி.மீ. ஃபில்டர், 295 கிராம். ஓஎம் காலத்து ஸூய்கோ 100 எஃப்/2.8-க்கு 49 மி.மீ. ஃபில்டர், 230 கிராம், உள்ளே ஐந்தே கண்ணாடி. சிக்மாவில் பதினொன்று, ஆட்டோஃபோகஸ் மோட்டாரும் உள்ளே இருக்கிறது. கூடுதல் 65 கிராமுக்கு அது நியாயமான கணக்கு. வாங்குகிறவர்கள் கடையில் எஃப்/1.4-ஐக் கேட்காமல் இந்த லென்ஸ்களைக் கேட்டால் இன்னும் நாலைந்து வரும். 28 மி.மீ. எஃப்/2.8 ஒன்று, 49 மி.மீ. ஃபில்டரோடு, இருநூறு கிராமுக்குள், ஃபுல் ஃபிரேமுக்கு. முதலில் அதைத்தான் கேட்பேன்.